கழுவியும் தீராத சந்தேகம்: ஒரு மனநோயை உலகம் அறிந்துகொண்ட வரலாறு



விடியற்காலை, பெரட்டுக்குப் போகும் நேரம். வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்தடி நடந்த ஒருவர், பூட்டினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். இது நம் எல்லாரிடமும் உள்ள வழக்கந்தான். ஆனால் அவரே மறுபடியும் மறுபடியும் பத்து முறை திரும்பி வந்தால்? கண்ணால் பார்த்தும் கையால் இழுத்தும் மனம் நம்ப மறுத்தால்? நேரங்கழித்துப் போய் மண்டோரிடம் பேச்சு வாங்கிய பிறகும், மறுநாள் அதையே செய்தால்? அப்போது அதை வழக்கம் என்று சொல்ல முடியுமா?

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு மாணவன் படித்தான். அறிவுள்ள பிள்ளை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு வரியைத் தாண்ட மாட்டான். எழுதிய எழுத்தை அழிப்பான், மீண்டும் எழுதுவான், மீண்டும் அழிப்பான். தாள் கிழிந்துவிடும். சோம்பேறி என்றோம், பிடிவாதக்காரன் என்றோம். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தோம். அவன் கைவிரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்திருந்ததைப் பார்த்தும், ஏன் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை பட்ட வேதனைக்கு ஒரு பெயர் உண்டு என்பதையும், அதற்கு மருத்துவம் உண்டு என்பதையும் பின்னாளில்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அந்த நோயைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். மருத்துவர்கள் ஓ.சி.டி. என்று மூன்றெழுத்தில் சுருக்கிச் சொல்வார்கள். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து மனத்தை வாட்டும் எண்ணம். மற்றொன்று, அந்த எண்ணம் தரும் பயத்தைத் தணிப்பதற்காகச் செய்தே தீரவேண்டியிருக்கிற செயல். கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்பது எண்ணம், கழுவுவது செயல். கழுவியதும் சற்று நேரம் நிம்மதி. பிறகு அதே எண்ணம் மீண்டும் வருகிறது. செக்கைச் சுற்றும் மாடு போல மனம் சுற்றுகிறது.

இந்த நோயை உலகம் எப்படி அறிந்துகொண்டது என்னும் வரலாற்றையே இன்று நாம் பார்க்கவிருக்கிறோம்.

முதலில் இதைக் கண்டவர்கள் மருத்துவர்கள் அல்லர்; சமயப் பெரியவர்களே. 7-ஆம் நூற்றாண்டில் சினாய் மலையில் ஜான் கிளைமாக்கஸ் என்னும் துறவி வாழ்ந்தார். இறைவனை வணங்கும் நேரத்திலேயே இறைவனைப் பழிக்கும் எண்ணங்கள் சிலருக்கு வருவதையும், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு அவர்கள் உள்ளுக்குள்ளேயே நொந்துபோவதையும் அவர் எழுதி வைத்தார்.

9, 10-ஆம் நூற்றாண்டுகளில், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பால்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-பால்கி என்னும் அறிஞர், உடல் நலம், உள்ள நலம் ஆகிய இரண்டையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். மனத்தின் நோய்களைக் கோபம், துயரம், பயம், ஓயாத எண்ணம் என்று அவர் நான்காகப் பிரித்தார். ஓயாத எண்ணத்திற்கு அவர் வழங்கிய அரபுச் சொல் வஸ்வாஸ். நேயர்களே, இந்தச் சொல் நமக்குப் புதியதன்று. நம் மலாய் அண்டை வீட்டார், மனத்தில் சந்தேகம் விழுந்தால் 'வாஸ்-வாஸ்' என்று சொல்வதைத் தினமும் கேட்கிறோம். அதுவும் அந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததே.

ஐரோப்பாவிலும் இப்படி வருந்தியவர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு இக்னேஷியஸ் லயோலா 1521-இல் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த போர்வீரர். பிறகு சமய வாழ்வில் புகுந்தார். 1522-இல் மன்ரேஸா என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, தாம் செய்த பாவங்களை ஒழுங்காகச் சொல்லி முடித்தோமா என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. குருவிடம் சொல்லுவார், வெளியே வருவார், ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றும், மறுபடியும் போவார். உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போனார். இவர்தாம் பிற்காலத்தில் இயேசு சபையை நிறுவியவர். 1545-இல் நம் மலாக்காவுக்கு வந்திறங்கிய பிரான்சிஸ் சேவியர் இவருடைய தோழர்.

இத்தகைய சந்தேகத்திற்கு அக்காலத்து லத்தீன் மொழியில் ஸ்குருப்புலஸ் என்று பெயர். கூரான சிறு கல் என்பது அதன் பொருள். செருப்புக்குள் புகுந்த கல் எவ்வளவு சிறியதானாலும் நடக்க விடாதல்லவா? அதுபோலத்தான் இந்தச் சந்தேகமும்.

இங்கிலாந்தில் ஜான் பனியன் என்பவர் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் தொழிலாளி. 1666-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கோவில் மணி அடிப்பதில் அவருக்கு ஆசை. அது வீண் ஆசை என்று நினைத்து நிறுத்திக்கொண்டு, பிறர் அடிப்பதை மட்டும் பார்க்கப் போவார். மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று ஒருநாள் பயம் வந்தது. பெரிய உத்தரத்தின் கீழே போய் நின்றார். மணி சுவரில் மோதித் திரும்பி வந்தால்? வாசற்படிக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? அங்கேயும் நிற்க முடியாமல் ஓடிவிட்டார். ஒரு பயத்துக்கு இடங்கொடுத்தால் அடுத்த பயம் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? இவர் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவியே, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் தமிழ்க் காப்பியத்தைத் தந்தார்.

பனியனுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், ஜான் மூர் என்னும் ஆங்கிலேயப் பேராயர், நல்லவர்களுக்கே வழிபாட்டு நேரத்தில் தகாத எண்ணங்கள் வருவதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அந்த எண்ணங்களை அடக்க முயன்றால் அவை மேலும் பெருகும் என்றார். 300 ஆண்டுகளுக்கு முன் சொன்ன இந்த உண்மையை இன்றைய மருத்துவமும் ஏற்றுக்கொள்கிறது.

படிப்பாளிகளையும் இது விடவில்லை. 1755-இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ஒரு வாசலைக் கடக்கும்போது இத்தனை அடி வைத்து, இன்ன காலை முதலில் வைக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார். கணக்குத் தவறினால் பின்னுக்குப் போய் மறுபடியும் நடந்து வருவார். அவருடைய நண்பர் பாஸ்வெல் 1791-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இதைப் பதிவு செய்தார். ஒரு மொழியின் சொற்களையெல்லாம் தொகுத்த அறிவாளியை மூடர் என்று யார் சொல்ல முடியும்?

19-ஆம் நூற்றாண்டில்தான் இதை மருத்துவர்கள் ஒரு நோயாகப் பார்க்கத் தொடங்கினார்கள். பிரான்சு நாட்டு மருத்துவர் எஸ்கிரோல் 1838-இல் வெளியிட்ட நூலில் 34 வயதான ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். அவர் வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவர். 18-ஆம் வயதில் ஒருநாள் அத்தை வீட்டிலிருந்து புறப்படும்போது, அத்தையின் பொருள் எதுவும் தம் உடைப் பைக்குள் வந்துவிடுமோ என்று பயந்தார். பிறகு கணக்கு எழுதும்போது தவறு செய்து யாருக்கேனும் நட்டம் உண்டாக்கிவிடுவோமோ என்று பயந்தார். அதன்பின் காசைத் தொடவே அஞ்சினார். விலையுள்ள ஏதேனும் விரலில் ஒட்டிக்கொள்ளுமாம். கையை உதறுவதிலும் தேய்ப்பதிலும் நேரம் போயிற்று. இதெல்லாம் அர்த்தமற்றது என்று அவருக்கே தெரியும். ஆனால் விட முடியவில்லை. இதுதான் எஸ்கிரோலை வியக்க வைத்தது.

இதே காரணத்தால் பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் சந்தேகப் பைத்தியம் என்றே அழைத்தார்கள். ஜெர்மானிய மருத்துவர் வெஸ்ட்பால் 1877-இல் இன்னும் தெளிவாக விளக்கினார். நோயாளியின் அறிவு பழுதடையவில்லை. எண்ணம் அவர் விருப்பத்துக்கு மாறாக வருகிறது. அது தமக்கு அந்நியமானது என்பதை அவரே உணர்கிறார் என்றார். புத்தி பேதலித்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அவருடைய இந்த விளக்கம் நியாயம் வழங்கியது என்று சொல்லலாம். எல்லாரும் அப்படி உணர்வதில்லை என்பதும், குறிப்பாகச் சிறு பிள்ளைகளுக்கு அது விளங்காமல் போகலாம் என்பதும் பின்னர்த் தெரிந்தன.

பெயர் வைத்தார்கள், விளக்கம் சொன்னார்கள். குணப்படுத்தினார்களா? நெடுங்காலம் முடியவில்லை. 1909-இல் வியன்னா நகர மருத்துவர் பிராய்டு, இத்தகைய ஓர் இளைஞரைப் பற்றி விரிவாக எழுதி, சிறுவயது நினைவுகளில் காரணம் தேடினார். அந்த வழியில் பேசிப் பேசியும் பலருக்கு நோய் தீரவில்லை.

திருப்பம் 1966-இல் வந்தது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்னும் உளவியலாளர், இரண்டு நோயாளிகளிடம் ஒரு புதிய முறையைக் கையாண்டார். ஒருவர் ஓயாமல் கழுவுகிறவர். மற்றவர் சமய சம்பந்தமான தகாத எண்ணங்களால் வருந்தியவர். பயப்படும் பொருளை அவர்கள் நெருங்க வேண்டும். ஆனால் வழக்கமாகச் செய்யும் செயலைச் செய்யக் கூடாது. தாதியர் அருகிலிருந்து துணை செய்தார்கள். இருவரும் தேறினார்கள். 1974-இல் மேயரும் அவருடைய குழுவினரும் 15 பேரைப் பற்றி அறிவித்தபோது, அவர்களில் 10 பேர் நன்றாகத் தேறியோ நோய் அறவே நீங்கியோ இருந்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தால் பார்ப்போம். முதன்முதலாக விடியற்காலை இருட்டில் பால்மரக் காட்டுக்குள் நிரைக்குப் போகிறவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஓடி வந்துவிட்டால் மறுநாள் பயம் இரட்டிப்பாகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்று வேலையைப் பார்த்தால், பயம் ஏறும். ஒரு கட்டத்தில் தானே இறங்கும். பத்து நாளில் அந்த இருட்டு பழகிவிடும். கழுவுவதும் பூட்டைப் பார்ப்பதும் காட்டிலிருந்து ஓடி வருவதைப் போன்றவை. ஓடாமல் நிற்கப் பழக்குவதே இந்தச் சிகிச்சை. ஆனால் பயிற்சி பெற்றவர் துணையோடு, நோயாளியின் சம்மதத்தோடு, சிறிய பயத்திலிருந்து பெரிய பயத்துக்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். குழாயை அடைத்துவிட்டு ஒருவரை வதைப்பது சிகிச்சை ஆகாது.

அதே காலத்தில் மருந்தும் கிடைத்தது. மனச்சோர்வுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட குளோமிப்ரமின் என்னும் மருந்து இந்த நோய்க்கும் உதவுவதை ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் 1967-இல் அறிவித்தார்கள். பின்னர்ப் பக்கவிளைவு குறைந்த வேறு மருந்துகளும் வந்தன. இவை தலைவலி மாத்திரையைப் போல் உடனே கேட்பவை அல்ல. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள்கூட ஆகலாம். ஒரு வாரம் தின்று பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

1978-இல் இன்னோர் உண்மை வெளிவந்தது. ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா என்பவரும், நோயில்லாத சாதாரண மக்களுக்கு எப்படிப்பட்ட எண்ணங்கள் வருகின்றன என்று ஆராய்ந்தார்கள். பெரும்பாலோருக்கும் அதே வகையான வேண்டாத எண்ணங்கள் வருகின்றன என்று தெரிந்தது. இந்தக் குழந்தையைக் கீழே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற ஓர் எண்ணம் எந்தத் தாய்க்கும் ஒரு கணம் வந்து போகும். மற்றவர்கள் அதை உதறிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நோயுற்றவரோ, இப்படி நினைத்த நான் எவ்வளவு கெட்டவள் என்று அதைப் பிடித்துக்கொண்டு வாடுகிறார்.

1980-களில் அமெரிக்காவின் ஐந்து இடங்களில் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். மிக அரிய நோய் என்று அதுவரை நம்பியிருந்தது, 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருவதாகத் தெரிந்தது. ஏன் அதுவரை தெரியவில்லை? நோயாளிகள் வெட்கப்பட்டு மறைத்துவிட்டார்கள். சினாய் மலைத் துறவி 7-ஆம் நூற்றாண்டில் கண்ட அதே வெட்கம்!

நம் நாட்டுக்கு வருவோம். பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. இன்று அது பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஆனால் நம் மக்கள் வாயில் அந்த ஊரின் பெயர் என்னவாயிற்று? ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமானால், அங்கே அனுப்ப வேண்டியதுதான் என்றோம். அந்தக் கேலி, நோயாளியின் வாயை அடைத்தது. குடும்பத்தாரையும் மறைக்க வைத்தது. லயத்து வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம்; பேச்சு பரவ எவ்வளவு நேரமாகும்? ஆகவே மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், செய்வினை என்றார்கள். கோயிலுக்குப் போவது மனத்துக்கு ஆறுதல்தான். அதை யாரும் தடுக்கவில்லை. மருத்துவரிடம் போவதையும் விட்டுவிடக் கூடாது என்பதே நாம் சொல்வது.

இனி, அடையாளங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, அழுக்கு அல்லது நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். தோல் வெடிக்கும் அளவுக்குக் கழுவுதல். இரண்டாவது, பூட்டு, அடுப்பு, விளக்கு ஆகியவற்றை ஓயாமல் சரிபார்த்தல். மூன்றாவது, எண்ணுதல், தொடுதல், பொருள்களை ஒரே வரிசையில் வைத்தல், எழுதியதை அழித்து அழித்து எழுதுதல். நான்காவது, தெய்வத்தைப் பற்றியோ, அன்புக்குரியவர்களுக்குத் தீங்கு செய்வது பற்றியோ தகாத எண்ணங்கள் வந்து வதைத்தல். ஐந்தாவது, "அம்மா, நான் அதைத் தொடவில்லையே?" என்று ஒரே கேள்வியை நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருத்தல்.

அப்படியானால் தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும் நம் தாய்மார்களுக்கெல்லாம் நோயா? இல்லவே இல்லை. சுத்தம் மகிழ்ச்சி தரும். செய்து முடித்ததும் மனம் நிறையும். நோயில் முடிவும் இல்லை, நிறைவும் இல்லை. நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறதா? வேலை, படிப்பு, உறவு ஆகியவை கெடுகின்றனவா? இவைதாம் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள்.

பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி, குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்று பயந்து கத்தியை ஒளித்து வைத்தால், உடனே அவளைப் பேய் என்று ஒதுக்காதீர்கள். அந்த எண்ணத்தை வெறுப்பதால்தான் அவள் அஞ்சுகிறாள். அவளைத் தனியே தவிக்க விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இளமையிலோ தொடங்குகிறது. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும்தாம் முதலில் காண வேண்டியவர்கள். திட்டினால் தீராது. "போதும் நிறுத்து" என்றால் நிற்காது. நூறு முறை "கதவு பூட்டித்தான் இருக்கிறது" என்று பதில் சொல்வதும் நோயை வளர்க்குமே தவிரத் தணிக்காது. "இது உன் குற்றமில்லை, நோய் உன்னைக் கேட்க வைக்கிறது, நாம் சேர்ந்து வைத்தியரிடம் போவோம்" என்று சொல்லுங்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் முதலில் காட்டலாம். அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். சாக வேண்டும் என்று ஒருவர் பேசினால் மட்டும், காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

நேயர்களே, சமய குருக்கள் கண்டு, மருத்துவர்கள் பெயரிட்டு, சிகிச்சை கிடைப்பதற்கு 1,300 ஆண்டுகள் ஆயின. அந்த அறிவு நம் தோட்டத்து வாசல் வரை வந்து சேர்வதற்கு இன்னும் காலம் கடத்தலாமா? தாளைக் கிழித்த எங்கள் மாணவன் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் போனான். அவனை நாங்கள் வெளியே நிறுத்திய அந்த நாள்களைத் திருப்பி வாங்க முடியாது. இன்று எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதியதை மூன்றாம் முறை அழிக்கும்போது, நாங்கள் அதட்டுவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னப்பா, மனத்தில் என்ன ஓடுகிறது?" என்று கேட்கிறோம். நீங்களும் உங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.